எடுத்த இடத்திலேயே

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் செய்வது ஜன்னலுக்கு முன்னால் மண்டியிடுவது. சுவரைத் தட்டுவது, மீட்டரை எடுப்பது, படிவத்தை நிரப்புவது எல்லாம் அப்புறம்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குத் தன் முகத்தை இறக்கி, ஜன்னலின் கீழ்க்கட்டை விளிம்பில் டார்ச் அடிப்பாள். தேடுவது பல் தடம். மேலே இரண்டு, கீழே இரண்டு, அரிசி அளவுக் குழிகள். பழைய பெயின்டில் காரீயம் இருக்கும். காரீயம் லேசாக இனிக்கும். பல் முளைக்கிற பிள்ளைக்குக் கடிக்க ஏதாவது வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்துப் பார்த்தால் பெற்றவர்களுக்குத் தூக்கம் வராது. அவளுக்கு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்த தடங்கள் எல்லாம் அடுத்தவர் வீட்டுத் தடங்கள்.

வீடு வீடாகப் போய், மீட்டர் வைத்துப் பெயின்டில் காரீயம் இருக்கிறதா, இருந்தால் அது எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூச்சாண்டி. காரணம் இல்லாமல் வைத்த பெயரில்லை. யாரையாவது பயமுறுத்தாமல் அவள் ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. வீட்டுக்காரர்கள் வெலவெலத்துப் போனால்தான் அவளுக்கு அன்றைக்கு வேலை செய்த திருப்தி.

அன்றைக்கு மாட்டிக்கொண்டவர் ஒரு வயதான வீட்டுக்காரர். பேத்தி வந்து தங்கப்போகிறாள் என்று, கையில் உப்புத்தாளோடு அவரே ஜன்னலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். தரையில் மாவு சிந்தினமாதிரி வெள்ளையாகத் தூசி.

"நாற்பது வருஷமா இதே வீட்லதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"உங்களுக்கு ஏன் ஆகப்போகுது சார்? நீங்க தரையில தவழ்ந்துட்டு விரலை வாயில வைக்கப்போறீங்களா?"

சொல்லிவிட்டுப் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய ஜன்னலிலிருந்து அறுத்த ஒரு மரத்துண்டு. அதன் பெயின்டைப் படிக்கட்டுமாதிரி அடுக்கடுக்காகச் சீவியிருந்தது. "மேல வெள்ளை. அதுக்குக் கீழ வெளிர்பச்சை. அப்புறம் கிரீம். கடைசியா செங்கல் கலர். மேல ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. கீழ ரெண்டும் விஷம். நீங்க தேய்க்கத் தேய்க்க விஷத்தைத் தோண்டி எடுத்து, பேத்தி தவழுற தரையில பரப்புறீங்க."

வீட்டுக்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். உள்ளங்கையை வேட்டியிலா சட்டையிலா எதில் துடைப்பது என்று தெரியாமல் விரித்தபடியே நின்றார். பூச்சாண்டிக்கு மனசு குளிர்ந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டையையேதான் கொண்டுபோய்க் காட்டுவாள். அவளுடைய முதல் வீட்டிலிருந்து கிடைத்த துண்டு. அவளே சீவி, மேலே வார்னிஷ் அடித்து வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதையெல்லாம் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது, முறைப்படி கழிவுப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒப்படைக்க நாலு பக்கப் படிவம் உண்டு. போட்டோ எடுத்துக்கொண்டாள். படிவத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். ஆபத்து ஆபத்து என்று ஊரை எழுப்புகிறவளுக்கும் படிவம் என்றால் சோம்பல்தான்.

கடைசியாக, ஆய்வகத்துக்கு அனுப்ப, தூசியில் மாதிரி எடுத்தாள். தரையில் ஓர் அடிச் சதுரத்துக்கு அட்டைச் சட்டம் வைத்து, ஈரத்தாளால் துடைத்து, மடித்து, குழாயில் போட்டு மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. எல்லாம் முடிந்தபின் ஒரு ஈரத்தாளை எதையும் துடைக்காமல், வெறுமனே பிரித்து மடித்துக் குழாயில் போட வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். ஆய்வகத்தில் பிளாங்க்கில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால், காரீயம் அந்த வீட்டில் இல்லை, துடைத்தவர் கையிலோ பையிலோ இருக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் அவளுடைய பிளாங்க்கில் ஒருமுறைகூட ஒன்றும் வந்ததில்லை.

குழாய்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரிவின் தலைவர். எதையும் நிதானமாகச் செய்கிறவர் என்பதால் ஆபீசில் எல்லாருக்கும் அவர் ஆமை. அவருக்கும் அது தெரியும்.

"போன வாரம் அந்தப் புது அபார்ட்மென்ட் பார்த்தியே. ரிசல்ட் வந்திருக்கு" என்றார். "தரை சுத்தம். ஜன்னல் சுத்தம். உன் பிளாங்க்லதான் காரீயம் இருக்கு."

"லேப்ல ஏதாவது குழப்பியிருப்பாங்க சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கேட்டேன். அவங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அதுக்கு முந்தின வாரத்து வீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதுலயும் உன் பிளாங்க்ல இருக்கு. ஒரு தடவைன்னா லேப்பைத் திட்டலாம். ரெண்டு தடவைன்னா நாமதான்."

ஆமை அவசரப்படாமல் கேட்டார். "கையுறை, ஈரத்தாள் எல்லாம் எங்க வச்சு அடுக்குற?"

"வீட்ல சார்."

"வீட்ல எங்க?"

பதில் அவளுக்கு உடனே தெரிந்தது. வாயில் வரத்தான் நேரமானது. "சாப்பாட்டு மேசையில."

"சரி. பையைத் தொடாத. பிரிக்காம பாலித்தீன்ல கட்டி வெளிய வச்சிடு. காலையில நான் வந்து பார்க்கிறேன்" என்றவர், போனை வைப்பதற்குமுன், "உன் பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துடும்மா. இன்னிக்கே" என்றார்.

மீதிக் குழாய்களில் பெயர் எழுதாமலே அவள் கிளம்பினாள்.

அவளிடம் ஒழுங்கு இல்லாமல் இல்லை. வேலைக்குப் போட்ட செருப்பு வாசலோடு சரி. துணிக்குத் தனி வாளி. குளித்துவிட்டு வந்தால்தான் மகளைத் தூக்குவாள். "அம்மா, அம்மா" என்று குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும், இவள் "தொடாத தொடாத" என்று குளியலறைக்கு ஓடுவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மீட்டருக்கு விலை அதிகம், வெளியே வைக்க முடியாது. மீட்டர் பெட்டி உள்ளே வரும்போது பையும் கூடவே வந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அவள் ஆறு வருஷமாக யோசிக்கவேயில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் மனசு மகளைப் பற்றிய படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தது. வயது, ஒரு வருஷம் எட்டு மாதம். பசி, இரண்டு வாரமாகச் சரியில்லை. வயிறு, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறாள். தூக்கம், நடுவில் எழுந்து சிணுங்கல். போன ஞாயிற்றுக்கிழமை கணவன் கேட்டான், "டாக்டர்கிட்ட காட்டலாமா?" இவள் சிரித்தாள். "பல்லு முளைக்குது. எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான்." இதே பதிலைச் சொன்ன எத்தனை தாய்மாரை அவள் எத்தனை வீடுகளில் முறைத்திருக்கிறாள்.

பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது மாடியில் இருக்கும் நாத்தனார். கணவனுக்கு அக்கா. இவள் நேரம்கெட்ட நேரத்தில் வந்து, குளிக்காமல்கூடப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதைப் பார்த்ததும் நாத்தனார் முகம் மாறியது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா ஒரு ரத்தப் பரிசோதனை."

"சும்மா யாராவது குழந்தை ரத்தத்தை எடுப்பாங்களா?"

மருத்துவமனையில் நர்ஸ் ஊசியைக் குத்தியபோது குழந்தை அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது. மகள் மந்தமாக ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மத்தியானம் போனில் சொல்வதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பையைக் கட்டி பால்கனியில் வைத்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். சொந்த வீட்டைத் தானே மதிப்பிடக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் விதி, பயந்த கண்ணுக்கு எதுவும் ஒழுங்காகத் தெரியாது என்பதுதான் காரணம். அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள். கூடத்துச் சுவர், பூஜ்யம். படுக்கையறைக் கதவு, பூஜ்யம். ஜன்னல்கள் அலுமினியம். தொட்டில், பொம்மைப் பெட்டி, உயர நாற்காலி, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. வீட்டில் எங்கேயும் இல்லை என்றால் பிறகு எங்கிருந்து வந்தது?

கணவன் வேலை முடிந்து உள்ளே வந்தபோது அவள் அவனுடைய அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுற?"

"தூண்டில் குண்டு எங்க வச்சிருக்கீங்க?"

அவன் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவான். தூண்டிலில் கட்டுகிற குண்டு காரீயம். கல்யாணமான முதல் மாதத்திலேயே இவள் அத்தனையையும் எடுத்துக் கழிவில் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் தூண்டிலைத் தொடவே இல்லை. அவனுக்கு அது சின்ன விஷயமில்லை, ஆனாலும் விட்டுவிட்டான்.

"என்கிட்ட ஏது குண்டு? நீதான் எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டியே."

"பொய் சொல்லாதீங்க. ஒண்ணு ரெண்டு ஒளிச்சு வச்சிருப்பீங்க. அது குழந்தை கையில கெடச்சிருக்கு."

"எதுக்கு இப்படி எகிறுற? என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லு."

சொன்னாள். பிளாங்க், மேசை, ரத்தம். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, தன் பெட்டி, சட்டைப் பைகள், வண்டியின் இருக்கைக்கு அடியில் இருந்த கந்தல் துணி வரைக்கும் ஒன்றுவிடாமல் எடுத்து அவள் முன்னால் கொட்டினான். குண்டு இல்லை. ஒரு பழைய பேருந்து டிக்கெட்டும் ரப்பர் வளையமும்தான் இருந்தன.

"திருப்தியா?" என்றான். குரலில் கோபமே இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குண்டு கிடைத்திருக்கக் கூடாதா என்று அவள் உண்மையாகவே ஏங்கினாள். கிடைத்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதிருப்பாள்.

காலையில் ஆமை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, செருப்புக்கு ஒரு உறை, காலுக்கு ஒரு உறை என்று மாட்டிக்கொண்டு, தன் பெட்டியோடு உள்ளே வந்தார். இவள் உதவிக்குப் போனாள்.

"நீ உட்காரும்மா. இன்னிக்கு நீ வீட்டுக்காரி" என்றார்.

சோபாவில் உட்கார்ந்தாள். அடுத்தவர் கண் தன் வீட்டை இப்படி மேய்வதைப் பார்ப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒட்டடை, மேசை விளிம்பில் காய்ந்த பால் கறை, எல்லாமே திடீரென்று குற்றமாகத் தெரிந்தன. ஆமை மேசையில் நாலு இடம் துடைத்தார். மேசைக்கடியில் குனிந்து தரையில் இரண்டு இடம் துடைத்தார். பிறகு படிவத்தை எடுத்தார். அந்தக் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம்.

"பிள்ளை அதிக நேரம் எங்க விளையாடும்?"

அவள் வாயைத் திறந்தாள். தெரியவில்லை. வரிசையாக எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள், இதற்கு மட்டும் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நாத்தனார்தான் சொன்னாள்.

"பகல்ல என்கூட மாடியில. சாயங்காலம் இங்க. இவ மேசையில உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் அடிப்பா, இது இவ காலடியில மேசைக்குக் கீழ போய் உட்கார்ந்துக்கும். சத்தமே வராது சார். மணிக்கணக்கா இருக்கும். அம்மா வேலை செய்யுதுன்னு இந்த வயசுலயே புரிஞ்சு நடந்துக்குதேன்னு நாங்க பெருமையா பேசிக்குவோம்."

ஆமை எழுதுவதை நிறுத்தினார். "மேசைக்குக் கீழ என்ன இருக்கும்?"

"வேற என்ன, இவ பைதான்."

ஆமை பால்கனிக்குப் போய்ப் பாலித்தீன் மூட்டையைத் தூக்கி வந்தார். தரையில் வெள்ளைத் தாளை விரித்து, பையை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார். அவருடைய நிதானம் அவளைக் கொன்றது. கையுறைப் பெட்டி, வாய் திறந்தபடி. ஈரத்தாள். அட்டைச் சட்டம். டேப். டார்ச். பிறகு பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டார். அதன் ஜிப் போன மழைக்காலத்திலேயே பிய்ந்துவிட்டது. கையுறைப் பெட்டி உட்காருகிற இடத்துக்கும் அந்தப் பைக்கும் நடுவில் மெல்லிய துணிதான்.

அவர் கை வெளியே வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் படமாகக் காட்டிக் காட்டி, அது படம் மட்டும்தான் என்று அவள் மனசு நம்பிவிட்டிருந்தது. கட்டை இங்கேதான் இருந்தது. நாலு பக்கப் படிவத்துக்காக இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது.

ஆமை அதை வெள்ளைத் தாளின் நடுவில் வைத்தார். வெள்ளை, வெளிர்பச்சை, கிரீம், செங்கல் கலர். செங்கல் கலர் படியின் விளிம்பில் வார்னிஷ் போய், மரமே தெரிந்தது.

அவள் தரையில் மண்டியிட்டாள். முகத்தை இறக்கினாள். டார்ச் தேவைப்படவில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு முறை கடித்த தடமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு முழுக்க, பல நாள் வேலை.

"ஒரு தடவைகூட பாப்பா கையில இதை நான் பார்த்ததில்லையே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஒரு தடவைகூட."

நாத்தனாரின் இடுப்பிலிருந்து குழந்தை வழுக்கி இறங்கியது. தட்டுத்தடுமாறி வந்து, தாளின் ஓரத்தில் நின்று, கட்டையைப் பார்த்து, "அம்மா, தா" என்றது. ஆமை கையை நீட்டி மறித்தார். குழந்தை அழவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, பிய்ந்த ஜிப்பைக் காட்டி, "உள்ள. உள்ள வை" என்றது.

விளையாடி முடித்தால் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வீடு முழுக்கப் பொம்மை இறைந்து கிடப்பது பிடிக்காமல், இரண்டு மாதமாக இவள்தான் உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். குழந்தை கற்றுக்கொண்டது. தினமும் சாயங்காலம் எடுத்து, கடித்து, அம்மா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டதும் எடுத்த இடத்திலேயே வைத்தது. அந்த நேரத்தில் மேசைக்கு மேலே இவள் யார் யாருக்கோ ஆபத்து ஆபத்து என்று டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கையையும் வாயையும் கழுவினான். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நேற்று அவனிடம் கேட்டதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஆமை கட்டையைப் பாலித்தீன் பையில் போட்டு, ஒட்டி, மேலே எண் எழுதினார். பிறகு கொஞ்சம் தயங்கி, பேனாவை அவளிடம் நீட்டினார். வீட்டுக்காரர் கையெழுத்து போடுகிற இடத்தில் அவள் போட்டாள்.

மத்தியானம் போன் வந்தது. மருத்துவமனை நர்ஸ். சின்னப் பெண் குரல்.

"பாப்பாவோட அம்மாவா? ரிசல்ட் வந்துடுச்சுங்க. பதினேழு."

ரத்தத்தில் காரீயம் ஐந்தைத் தாண்டினால் விடக்கூடாது என்று அவளே நூறு வீடுகளில் சொல்லியிருக்கிறாள். பத்து என்றால் என்ன, இருபது என்றால் என்ன, மூளைக்கு என்ன ஆகும், எலும்பில் போய் எப்படித் தங்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், போனது திரும்பி வருமா வராதா, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் நர்ஸ். "ஃபைல்ல உங்க வேலை போட்டிருக்கு, உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். டாக்டர் வந்ததும் அப்பாயின்ட்மென்ட் மட்டும் போட்டுடட்டுமா?"

உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலும் கீழுமாக முன்பற்கள் நாலும் தெரிந்தன.

"இல்லம்மா" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கோ. பதினேழுன்னா என்னன்னு முதல்லேருந்து சொல்லு."